மகஜரில் ஏறாத வரி

திருகோணமலையில் பெரியாரைப் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு பதில்தான் வரும். வயது போனவர்கள், "கடவுள் இல்லையெண்டு சொன்ன ஆள்தானே" என்பார்கள். அரசியல் பேசுபவர்கள், "தந்தை செல்வா போய்க் கேட்க, கையை விரிச்ச ஆள்தானே" என்பார்கள். 1972இல் 'தந்தை செல்வா' என்று நாங்கள் சொல்லும் ஈழத் தமிழரின் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தமிழ்நாட்டுக்குப் போய் ஆதரவு கேட்டபோது, நாங்களே அடிமைகளாக இருக்கிறோம், ஓர் அடிமை இன்னோர் அடிமைக்கு எப்படி உதவுவது என்ற பொருளில் பெரியார் சொன்னது ஐம்பது வருடமாக இங்கே மனக்குறையாகவே கிடக்கிறது. எனக்கு அந்தப் பதிலில் குறை தெரிந்ததில்லை. தொண்ணூறு தாண்டிய மனிதர், செலவில்லாமல் ஒரு வாக்குறுதியை அள்ளிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பிறகு வாக்குறுதிகளை அள்ளிக் கொடுத்தவர்களின் கதை எங்களுக்குத் தெரியும்தானே.

முதல் பதிலின் காரணம் இன்னும் லேசானது. இது கோணேசர் ஊர். "கோணமாமலை அமர்ந்தாரே" என்று சம்பந்தர் பாடிய பதிகத்தைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவர்களிடம் கடவுள் மறுப்பு எடுபடாது. ஆனால் அண்ணா சிரமமில்லாமல் உள்ளே வந்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' திருமூலர் வாக்கு. ஈழத்தைச் சிவபூமி என்றவர் என்று சைவர்கள் கொண்டாடும் அதே திருமூலர். அதனால் கழகக் கொள்கை இங்கே திருநீறு பூசிக்கொண்டே வந்தது. சலூன் வாங்கில் பத்திரிகையாக வந்தது, தமிழரசுக் கட்சி மேடையில் அடுக்குமொழியாக வந்தது, பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களில் வந்தது. என் வகுப்பிலேயே இரண்டு இளங்கோ இருந்தார்கள். மொழிப் பகுதியை முழுதாக எடுத்துக்கொண்டோம். மற்றதை யாரும் கேட்கவும் இல்லை, யாரும் தரவும் இல்லை.

அந்த 'மற்றது' என்ன என்பதுதான் கொஞ்சக் காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அரிக்கத் தொடங்கியது ஒரு மகஜர் கூட்டத்தில்.

வெளிநாட்டிலிருந்து மனித உரிமை அதிகாரி ஒருவர் வரப்போகிறார், அவரிடம் கொடுக்க மகஜர் ஒன்று வேண்டும் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் சிலரும் இளம் ஆட்கள் சிலரும் கூடியிருந்தோம். இந்த ஊரில் மகஜர் எழுதுவது ஒரு கைத்தொழில் மாதிரி. யார் வந்தாலும் ஒன்று எழுதுவோம். வழக்கம்போல ரோல்ஸ், பிளேன்ரீ, சத்தம் போடும் மின்விசிறி, தமிழில் நாலு பக்கமும் ஆங்கிலத்தில் நாலு பக்கமுமாக ஊசி குத்திய பிரதிகள். உள்ளே இருந்த விடயங்களில் ஒன்றைக்கூட விடமுடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட 5 மாணவர்கள். அதே வருடம் ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள். காணிப் பிரச்சினைகள். தமிழரும் பௌத்தரும் உரிமை கோரும் கன்னியா வெந்நீரூற்று. உள்ளூரில் தட்டிய கதவெல்லாம் திறக்காமல் இருக்கும்போது வெளியே போய்த் தட்டுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதை யாரும் வேறு மாதிரி எடுத்துவிடக்கூடாது.

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தார். பட்டதாரி. வெள்ளைக்காரன் காலத்தில் நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்க தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பம். தாத்தா, அப்பா இருவருக்கும் அதே வேலை. குடும்பம் இன்னும் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அதே லைன் வீட்டில்தான், காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. தன் பிரதியின் மூன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். எழும்பி வாசித்தார்: இந்த நகரத்தின் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காணி உரிமை இல்லாமலும் சமூகத்தால் ஒதுக்கப்பட்டும் வாழ்கின்றன என்பதையும் கவனத்தில் எடுக்கவேண்டும். அவ்வளவுதான். கூட்டத்தை நடத்திய ஐயா நல்ல மனிதர், ஓய்வு பெற்றவர், நிதானமாகக் கதைப்பவர். "பிள்ளை, அது எங்கட உள்வீட்டு விசயம். வெளி ஆக்களுக்கு எழுதுறதில அது வேண்டாம். எங்களைப் பிரிக்கப் பார்ப்பாங்கள்" என்றார். பிள்ளை கோபப்படவில்லை. "உள்வீடெண்டா, அந்த வீட்டுக்குள்ள எங்களை ஒருக்காலாவது கூப்பிட்டிருக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டார். யாரோ இருமினார்கள். இன்னொருவர் "சரி, அடுத்த பந்திக்குப் போவம்" என்றார். போனோம்.

வெளியே காட்டும் நீதி, வீட்டைக் கேட்கும் நீதி

அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் நடத்திய மாநாட்டின் தீர்மானங்களை எடுத்துப் பார்த்தேன். ஏற்கனவே வாசித்ததுதான். ஆனால் அந்தக் கேள்வி காதில் கிடக்கும்போது வாசிப்பது வேறு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதே. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை கொடு. தனக்குப் பொருத்தமானவரைத் தானே தேடிக்கொள்ள விடு. யாரிடம் இந்தக் கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன என்று பாருங்கள். வெள்ளைக்காரன் அப்போது ஆட்சியில் இருக்கிறான். அவனிடம் கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. மாநாடு கேட்டதில் பெரும்பகுதி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான். வீட்டுக்குப் போய் உன் மகளின் பங்கை எழுதிவை, உன் பெயரின் வாலை வெட்டு என்று.

திராவிட இயக்கம் உலக இலட்சியங்களைக் கையாண்ட விதமே இதுதான் என்று நினைக்கிறேன். 'மேற்கிலிருந்து இரவல் வாங்கியது' என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. இரவல் வாங்கியது உண்மைதான். பெரியார் அதை ஒளிக்கவும் இல்லை. 1931இல் மார்க்சும் ஏங்கல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தன் குடி அரசு இதழில் தமிழில் போட்டார். அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சாலைப் போட்டார், இங்கிலாந்துத் தத்துவஞானி ரசலைப் போட்டார். அம்பேத்கர் 1936இல் லாகூர்க் கூட்டத்துக்காக எழுதி, பேச விடப்படாத உரை சூட்டோடு சூடாகத் தமிழில் வந்தது. மதறாஸ் மாகாணத்தில் ஈரோடு என்ற ஊரின் வாரப் பத்திரிகையில் இத்தனையும். ஆனால் வந்த சரக்கெல்லாம் எங்கே இறக்கப்பட்டது என்பதுதான் விடயம். இங்கர்சால் கிறிஸ்தவத் திருச்சபையைக் கேட்ட கேள்வியை இவர் ஊர்க் கோவிலைப் பார்த்துக் கேட்டார். மார்க்ஸ் முதலாளியைக் கேட்டதை அக்கிரகாரத்தையும் பண்ணையாரையும் சேர்த்துக் கேட்டார். கேள்வி எங்கிருந்து வந்தாலும் விசாரணை உள்ளூரில்தான்.

வாங்கிக்கொண்டு கும்பிட்ட ஆளும் இல்லை. 1931 டிசம்பரில் கப்பலேறி எகிப்து, கிரேக்கம், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஒரு வருடத்துக்குக் கிட்ட சுற்றினார். 1932 ஜூனில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மெக்ஸ்பரோ என்ற ஊரில் தொழிற்கட்சியினர் கூட்டம். மேடையில், நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்குத் தலைமை தாங்கிய லான்ஸ்பரி. அங்கே நின்றுகொண்டு, உங்கள் கட்சி ஆட்சியில் இருந்தபோது இந்தியத் தொழிலாளிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். சமத்துவம் கதைப்பவனின் வீட்டையே முதலில் பார் என்ற அதே புத்தி, போன இடத்திலும். திரும்பும் வழியில் இலங்கையில் தங்கி, இங்கேயும் கூட்டங்களில் பேசிவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் வழி வேறாகப் போனது. உலகத்தின் பெரிய வார்த்தைகள் எங்களிடமும் சீக்கிரமே வந்தன, சில வேளை தமிழ்நாட்டுக்கு முன்னாலேயே வந்தன. அரசியல் சீர்திருத்தத்துக்காக வெள்ளைக்காரன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் புண்ணியத்தில் 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. இந்தியாவில் அதற்கு இன்னும் 20 வருடம் ஆனது. அந்தப் பெரிய சொத்தை எங்கள் தலைவர்கள் எப்படி வரவேற்றார்கள்? சேர் பொன்னம்பலம் இராமநாதன் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று எதிர்த்தார்; முதுமையிலும் லண்டன்வரை போய் டொனமூர் திட்டத்துக்கு எதிராக மகஜர் கொடுத்தார். மகஜர்ப் பழக்கம் எங்களுக்கு எவ்வளவு பழையது பாருங்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோவிலில் நடந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் கோவிலுக்குள் போகக் கேட்டு வாசலில் நின்றபோது, குறுக்கே நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் ஒருவர். சுயநிர்ணயம் என்ற உலகக் கோட்பாட்டின் முழுப்பாடமும் தெரிந்தவர். சிங்களவரிடம் சமத்துவம் கேட்ட அதே வாய் கோவில் வாசலில் வேறு கதை கதைத்தது. அவருக்கு அதில் முரண்பாடு தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒன்று அரசியல், மற்றது உள்வீட்டு விசயம்.

இந்த 'உள்வீட்டு விசயம்' எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 2001இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தபோது, தலித் அமைப்புகள் சாதியையும் அங்கே பேசவேண்டும் என்று நின்றன. இந்திய அரசு ஏற்கவில்லை. சாதி இனப் பாகுபாடு ஆகாது, அது நாங்கள் உள்நாட்டில் பார்த்துக்கொள்ளும் விடயம் என்றது. அப்போது டெல்லிக் கூட்டணி ஆட்சியில் தி.மு.க.வும் பங்காளி என்பதைத் திராவிட அன்பர்கள் மறக்கக்கூடாது. ஆனால் அடுத்த வருடமே, 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு பிறப்பை வைத்துச் செய்யும் ஒதுக்கலில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. ஆக, அந்தப் பிள்ளை மூன்றாம் பக்க ஓரத்தில் எழுதிய வரியைக் கேட்பதற்கு ஜெனீவாவில் ஆள் இருக்கிறது. கேட்கமாட்டோம் என்றவர்கள் நாங்கள்தான்.

எங்களில் யார் யார்

சரி, தமிழரசுக் கட்சியை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதன் முதலாவது தேசிய மாநாடு 1951 ஏப்ரலில் நடந்தது இந்தத் திருகோணமலையில்தான். 'தமிழ் பேசும் மக்கள்' என்று அது சொன்னபோது முஸ்லிம்களும் மலையகத்தவரும் அதற்குள் இருந்தார்கள். அந்தக் கட்சி பிறந்ததற்கே காரணம் மலையக மக்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அதே வருடம் டிசம்பர் 10ஆம் திகதி பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் 15ஆவது உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. செல்வநாயகம் அப்போது இருந்த தமிழ்க் காங்கிரஸின் தலைவர் அந்த அரசாங்கத்தில் அமைச்சராகப் போனார், செல்வநாயகம் பிரிந்து வந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சைவப் பெரும்பான்மைக்கு ஒரு கிறிஸ்தவர் தந்தையானது இந்தச் சமூகம் தாராளமாக நடந்துகொண்ட அபூர்வமான இடம். தனித் தமிழ் ஈழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தைப் பிரிவினைக்காக மட்டும் நினைவு வைத்திருப்பவர்கள் அதில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை தண்டிக்கப்படும் என்ற பந்தியும் இருப்பதை ஒருமுறை வாசிக்கலாம். ஆனால் அங்கேயும் அது நாளைக்கு வரப்போகும் நாட்டுக்கான வாக்குறுதி. இன்றைக்குக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளுவது என்பது தீர்மானத்துக்கு வெளியே நின்றது.

திராவிடச் சிந்தனையை இந்த நாட்டில் முழுதாக எடுத்துக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் கொழும்பிலும் தோட்டங்களிலும் வேலை செய்தது. 1962இல் அரசு அதைத் தடை செய்தது. மொழியோடு சுயமரியாதையையும் சேர்த்து எடுத்தவர்கள் கூலித் தொழிலாளர்களும் மலையகத்தவர்களும்தான். வடக்குக் கிழக்கில் நாங்கள் மேடைத் தமிழை ரசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில். அந்தப் பிள்ளையின் அப்பப்பா வீட்டில் பெரியார் படம் மாட்டியிருந்ததாம். எனக்கு அது பிறகு தெரியவந்தது.

"சாதியெல்லாம் யாழ்ப்பாணத்தில்தான், எங்கட ஊரில் கிடையாது" என்று திருகோணமலையில் பெருமையாகச் சொல்வோம். ஓரளவுக்கு உண்மை. யாழ்ப்பாணத்தின் இறுக்கம் இங்கே இல்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகமும் கலந்து வாழும் துறைமுக ஊரில் அது தாக்குப்பிடிக்கவும் முடியாது. ஆனால் கலியாணப் பேச்சில் சாதகம் கைமாறுவதற்கு முன், குரலைத் தாழ்த்தி "என்ன ஆக்கள்?" என்று ஒரு கேள்வி வருமே, அது எந்த ஊர்க் கேள்வி?

இதை எழுதும்போது தமிழ்நாட்டை நான் உயர்த்தி வைக்கிறேன் என்று தோன்றலாம். அப்படி வைக்க முடியாது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். செங்கல்பட்டில் கேட்ட பெண் சொத்துரிமை சட்டமாக 1989 ஆனது. இடையில் 60 வருடம், அதில் ஏறக்குறைய 20 வருடம் கழகங்களின் ஆட்சி. இங்கிருந்து 1983க்குப் பிறகு படகேறிப் போனவர்கள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள், மலையக வம்சாவளியினர் உட்பட. இங்கே நாடற்றவராகி அங்கே அகதியானவர் சுயமரியாதை பற்றி என்ன நினைப்பார் என்று யோசித்தால் மேடைப்பேச்சு நின்றுவிடும். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கீழ்வெண்மணியை வைத்துக் கழகத்தைக் கேட்பவர், பெரியார் சொன்னதை எடுத்தே கேட்கலாம். அளவுகோலைச் செய்து சபையில் வைத்துவிட்டார்கள். அதைக் கொண்டு அவர்களையே அளக்க வழி உண்டு. எங்கள் அளவுகோல் எப்போதும் கொழும்பை அளக்க மட்டுமே வெளியே எடுக்கப்பட்டது.

செங்கல்பட்டுத் தீர்மானம் இங்கே நிறைவேறுமா?

மகஜர்க் கூட்டத்துக்கு வந்த இளம் ஆட்கள் சிலர் பிறகு உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அந்த 1929 தீர்மானங்களைக் கொண்டுபோய், இவற்றில் எது இன்றைக்கு எங்கள் ஊரில் நிறைவேறும் என்று கேட்டுப் பார்த்தேன். சாதிப் பட்டம் உடனே நிறைவேறியது, ஏனென்றால் எங்கள் பெயர்களுக்குப் பின்னால் பட்டமே கிடையாது, அப்பாவின் பெயர்தான். ஒரு பெடியன் சந்தோசத்தில் கைகூடத் தட்டினான். பெண் சொத்துரிமைக்கு வந்தபோது சிரிப்பு வந்தது. கிழக்கில் வீடு பெண்ணுக்குத்தானே. மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதுவது இங்கே பரம்பரை வழக்கம், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். அப்படியானால் செங்கல்பட்டுக்கு முன்பே நாங்கள் முற்போக்கா? சிரித்து முடிந்த பிறகு ஒரு பிள்ளை சொன்னார்: "உறுதி அம்மாவின்ர பேரில. அதை அடகு வைக்கிறது அப்பா. அந்த வீட்டைக் கட்டி முடிக்க அண்ணா கட்டாரில கிடக்கிறார், வீடு முடியுமட்டும் எனக்கும் கலியாணம் இல்லை, அவருக்கும் இல்லை." உரிமை என்று பெயர் வைத்தால் உரிமை, சுமை என்று வைத்தால் சுமை. ஈரோட்டில் எழுதியதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, நாங்களே கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பின்வரிசைப் பிள்ளை கோவில் உபயத்தைப் பற்றிக் கேட்டார். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியாருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். முதல் நாள் யார், தேர் யார், தீர்த்தம் யார் என்று ஊருக்கே தெரியும். பெயரில் இல்லாத பட்டம் அந்தத் திருவிழா நோட்டீசில் வரிசையாக அச்சடித்துக் கிடக்கிறது. "எங்கட லைனுக்கு எந்த நாள்?" என்றார். கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் சேர்ந்து இருந்த அந்த விறாந்தையில் ஒருவரிடமும் பதில் இல்லை. கை தட்டிய பெடியன், தன் மாமா கோவில் பரிபாலன சபையில் இருப்பதாகவும் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னான். கேட்டானாம். மாமா, "இப்ப இதெல்லாம் என்னத்துக்கு" என்றாராம்.

மகஜர் அந்த வரி இல்லாமலேதான் போனது. பிள்ளை சும்மா இருக்கவில்லை. லைனில் உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கி, காணி உறுதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்குத் தனியாக ஒன்று எழுதினார். அதன் ஆங்கிலப் பிரதியை மனித உரிமை அதிகாரியின் அதே முகவரிக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன் கூட்டம் நடத்திய ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். ஐயா கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்து, இலக்கணப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தி, முடிவுப் பந்தியை இன்னும் காரமாக எழுதலாம் என்று இரண்டு வசனங்களும் சொல்லிக் கொடுத்தாராம். கையெழுத்து மட்டும் போடவில்லை.